கெட்டிமேளத்துக்குப் போன ஓட்டு

பத்து நாப்பதுக்கு வரச் சொல்லி கடுதாசி. நான் வந்து ஒக்காந்தது ஒம்போதரைக்கு. இப்ப பத்து அஞ்சு. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு முன்னாடி போயி ஒக்காந்ததில்ல நான், மாப்பிள்ளையே இன்னும் மொகம் கழுவலயாம் தவுலுக்கு என்ன அவசரம்னு முத்துக்குமாரசாமி அண்ணன் நாயனத்தத் தொடச்சுக்கிட்டே சொல்லுவாரு, இங்க மாப்பிள்ளை நான்தான், பொண்ணு அமெரிக்கா, தாலி கட்டுறதுக்கு முன்னாடி பொண்ணு வீட்டுல ஒரு கேள்வி கேக்கப் போறாங்க, அதுக்குத்தான் இந்த அவசரம். ஒரே ஒரு கேள்வி. நீ எப்பவாவது இந்த நாட்டுல ஓட்டுக்குப் பேரு பதிஞ்சுருக்கியா. அம்புட்டுதான். சிட்டிசன் ஆக எழுதிக் குடுத்த பாரத்துல இல்லன்னு இருக்கு. சட்டைப் பையில இருக்குற ஓட்டர் அட்டை ஆமாங்குது. சிட்டிசன் ஆகாதவன் ஓட்டர் லிஸ்ட்டுல பேரு வைக்கிறது தப்பு, பெரிய தப்பு, பொட்டிய கட்டுடான்னு அனுப்புற அளவுக்குத் தப்பு, இது தெரிஞ்சதுலேர்ந்து நான் தூங்குன தூக்கத்த ஒரு கரண்டியில அள்ளிரலாம். வெரலு சும்மா கெடக்க மாட்டேங்குது. தொடையில தா தி தொம் நம், தா தி தொம் நம், நாக்காலி வரிசையா ஒண்ணோட ஒண்ணு கோத்துருக்கானுவ, நான் இந்தக் கோடியில தட்டுனா அந்தக் கோடியில ஒக்காந்துருக்குற ஆளு ஆடுறான், பாவம், பெயிண்ட் அடிக்கிறவன் போலருக்கு, பூட்ஸுல வெள்ளத் துளி, அவனும் கடுதாசிய மடிச்சு மடிச்சு விரிக்கிறான். தட்டாதடா சிங்காரம். சிங்காரவடிவேலு முழுப் பேரு, வாசல்ல செக்யூரிட்டி அத வாசிச்ச வாசிப்பு இருக்கே, சறுக்கு மரத்துல ஏறி விழுந்த மாதிரி, சிங்ங், ராவா, டிவ்வு, அப்பறம் மூச்சு வாங்கிட்டு ஏலு. நானே அவருக்காக ஒருதரம் அதே மாதிரி சொன்னேன், அவரு குரல்லயே. சிரிச்சாரு. சிரிச்சுட்டு பெல்ட்டக் கழட்டுன்னாரு.

அந்தக் கட்டத்துல கை வச்சேனா வைக்கலயா. அதுதான் ஞாபகத்துல வர மாட்டேங்குது. நாலு வருஷம் ஆச்சு. கார் ஓட்டுற லைசென்ஸ் ஆபீஸு, மூணாம் நம்பர் கவுண்டர், அந்தப் பொண்ணு நகத்துல ஒவ்வொண்ணுலயும் ஒரு பூ வரஞ்சுருந்துச்சு, அது ஞாபகம் இருக்கு, பத்து நகத்துப் பூவும் ஞாபகம் இருக்கு, கட்டம் ஞாபகம் இல்ல. கண்ணு பரிசோதனை ஆச்சு, போட்டோ ஆச்சு, அப்பறம் அது ஓட்டுக்குப் பேரு பதியணுமான்னு கேட்டுச்சு. புரியாமத் தலையாட்டிட்டேன்னு சொன்னா தப்பிச்சுக்கலாம்தான். ஆனா புரிஞ்சுது. நல்லாப் புரிஞ்சு, நல்லா ஆசப்பட்டு, ப்ளீஸுன்னேன். ஏன்னா நம்மூருல ஓட்டர் அட்டைன்னா ஓட்டுப் போடவா வாங்குறான் ஒருத்தன். கேஸு கனெக்‌ஷனுக்கு அது, சிம் கார்டுக்கு அது, பேங்குக்கு அது, லாட்ஜுல ரூம் போட அது, கும்மோணத்துல என் மச்சான் ஒருத்தன் மூஞ்சி யாருக்குமே தெரியாத கருப்புப் படம் போட்ட அட்டைய வச்சுக்கிட்டு மூணு எடத்துல கடன் வாங்குனான். வீட்டு விலாசத்துக்கு ருசு அதுதான். இந்த ஊருல அப்ப எனக்கு விலாசத்துக்கு ஒரு ருசுவும் கெடையாது, நான் தவுலு வாசிக்கிற கோயிலோட குவாட்டர்ஸு, கரண்ட் பில்லும் கோயில் பேருல, தண்ணி பில்லும் கோயில் பேருல, லைப்ரரியில கார்டு கேட்டா விலாசம் காட்டுங்குறான், பகவான் பேருல இருக்குற பில்லத்தான் காட்டணும். சரி, அரசாங்கமே கூப்புட்டு அட்டை குடுக்குறேங்குதே, கசக்குதா. அந்தப் பொண்ணு ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிய என் பக்கம் திருப்பி விட்டுச்சு, அதுல எழுத்து ஓடுச்சு, கட்டம் இருந்துச்சு, கையெழுத்து போடச் சொன்னுச்சு, போட்டேன். அந்தக் கட்டத்துல நான் சிட்டிசன்னு இருந்துச்சா, அதுல என் வெரலு பட்டுச்சா, இல்ல வெறுங் கையெழுத்துதானா. பட்டுருந்தாலும் மிஷினுக்குத் தெரிஞ்சுருக்குமோ என்னவோ, என் வலது கை வெரலு ஒண்ணும் வெரலு இல்ல, முப்பது வருஷமா வெரலுக்கு மேல கட்டியான கூடு மாட்டி தவுலு அடிச்சு அடிச்சுக் காச்ச கட்டை, இந்தப் பாரத்துக்கு ரேகை எடுத்த எடத்துல ஒரு அம்மா மூணு தரம் உருட்டிப் பாத்துட்டு சார் உங்களுக்கு ரேகையே இல்லயேன்னு நின்னுச்சு. பட்டுச்சா படலயா. பட்டுருக்கும். படல. தா தி தொம் நம். பாத்தியா மறுபடி தட்டுறேன்.

அட்டை தபால்ல வந்த அன்னிக்கி தையலு அதுக்குக் குங்குமம் வச்சா. தையல்நாயகி, என் சம்சாரம், கவர்மெண்டு முத்திரை போட்டு எது வந்தாலும் சாமி படத்துக்கு முன்னாடி ஒரு நாளு ஒக்காரணும் அவளுக்கு. லைப்ரரிக்காரன் அதப் பாத்துட்டு கார்டு குடுத்தான், நான் ஜெயிச்ச மாதிரி வந்தேன். அதோட வுட்டுருக்கணும். நவம்பர் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல ஓட்டுன்னாங்க, நம்ம கோயிலுக்கு நாலு தெரு தள்ளி. எனக்கு எந்தக் கட்சி மேலயும் ஆச இல்ல, எவன் என்ன சொல்றான்னே தெரியாது, ஆனா ஒரு பயம் வந்துச்சு பாரு, எங்க ஊருல பேரு லிஸ்ட்டுல இருந்து நாம போகலன்னா மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள நம்ம ஓட்ட வேற எவனாவது போட்டுட்டுப் போயிருவான், செத்துப்போன எங்க பெரியப்பா ரெண்டு எலெக்‌ஷன்ல தவறாம வந்து போட்டாரு. அந்த மாதிரி இங்கயும் எவனாவது சிங்காரவடிவேலுன்னு வந்து நின்னுட்டா. அந்தப் பேர எவனாலயும் சொல்ல முடியாதுங்குறது அப்பத் தோணல. கெளம்பிட்டேன். நெத்தியில விபூதி, மேல ஜாக்கெட்டு, வரிசையில நின்னேன். நல்லா இருந்துச்சு, சத்தியமா நல்லா இருந்துச்சு. எனக்கு முன்னாடி ஆக்சிஜன் குழா மாட்டுன ஒரு பெரியவரு, வீல் வண்டிய தள்ளிக்கிட்டு வந்துருக்காரு, பின்னாடி ஆஸ்பத்திரி உடுப்புல ஒரு சீனாக்காரப் பொண்ணு கண்ணு சொருகி நிக்கிது, எல்லாரும் ஒரே வரிசை, அவரு பெரிய ஆளு இவரு சின்ன ஆளுன்னு யாரும் யாரயும் முன்னால வுடல, கோயில்லகூட இந்த வரிசை நான் பாத்ததில்ல, அங்க டொனேஷன் ஆளுக்குத் தனி வழி. மை வைப்பாங்களான்னு அந்தப் பொண்ணக் கேட்டேன், அது, ஓட்டுப் போட்டாச்சுன்னு சட்டையில ஒட்டிக்க ஸ்டிக்கர் குடுப்பாங்கன்னுச்சு. எனக்கு முன்னாடி ரெண்டே பேரு. மேசையில ஒக்காந்துருந்த அம்மா அடுத்துன்னு கையக் காட்டுது. அப்பப் போனு. முத்துக்குமாரசாமி அண்ணன். அன்னிக்கி கோயில்ல ஒரு மணிவிழா, அறுபது முடிஞ்சவரு, சாஸ்திரிகள் நேரத்த மாத்திட்டாராம், பதினொண்ணரைக்குன்னது பத்தே முக்காலுக்கு, அண்ணன் குசுகுசுன்னு பேசுறாரு, டேய் தாலிய எடுத்துட்டாங்கடா, கெட்டிமேளம்னு கத்துனா நான் ஒத்த நாயனத்த வச்சுக்கிட்டு வாயாலயா தட்டுறது. ஓடுனேன். வாசல்ல ஒரு ஸ்டிக்கர் மேசை, ஒண்ணு எடுத்துக்கலாமான்னு கை போச்சு, ஓட்டுப் போடாம ஸ்டிக்கர் எடுத்தா அது திருட்டுன்னு வுட்டுட்டு ஓடுனேன். அன்னிக்கி அடிச்ச கெட்டிமேளம் இருக்கே, போன ஓட்டு எரிச்சல்ல அடிச்சது, அறுபது வயசு மாப்பிள்ளை கையில தாலி ஆடுச்சு. ரெண்டு ஆளு. ரெண்டே ரெண்டு ஆளு முன்னாடி நின்னதால நான் இன்னிக்கி ஓட்டுப் போடாதவன். வரிசை கொஞ்சம் வேகமா நகந்துருந்தா, அந்த ஆக்சிஜன் பெரியவரு வராம வீட்டுல இருந்துருந்தா, சாஸ்திரிகள் சொன்ன நேரத்துக்கே தாலி கட்ட வச்சுருந்தா, என் கத அங்கயே முடிஞ்சது. அந்த சாஸ்திரிகளுக்கு நான் ஒரு வேட்டி எடுத்துக் குடுக்கணும். பேரு பதிஞ்சது மட்டும்தான் தப்பு, ஓட்டுப் போடல, போடல, ஆனா போடத்தான் நின்னேன்.

பத்து பதினெட்டு. கதவு தெறக்குது, ஆளு வருது, பேரு கூப்புடுது, நான் இல்ல. பெயிண்டுக்காரன் எந்திரிச்சான், போறப்ப நெஞ்சுல சிலுவ போட்டுக்கிட்டான். பக்கத்துல வெள்ளத் தொப்பி அம்மா ஒண்ணு, கானா நாடாம், நர்ஸிங் ஹோம்ல வேலையாம், எட்டு வருஷம் கழிச்சு இன்னிக்கிதான் கூப்புட்டுருக்காங்களாம், மடியில சிட்டிசன் பரிட்சைக்குப் படிக்கிற அந்த நூறு கேள்வி புஸ்தகம், ஒதடு அசையுது. அந்தப் புஸ்தகம்தான் எனக்கு எமன். எங்க பாரத்த எல்லாம் கோயில் செக்ரெட்டரி கோபிநாத் சார்தான் நிரப்பிக் குடுத்தாரு, நல்லவரு, சாஃப்ட்வேரு, ஒரு ஞாயித்துக்கெழம மடப்பள்ளி பக்கத்துல லேப்டாப்ப வச்சுக்கிட்டு கேள்விய பாதி வாசிப்பாரு மீதிய அவரே முடிவு பண்ணிருவாரு. கொல பண்ணிருக்கீங்களா வித்வான், இல்லதானே, நோ. தீவிரவாதமா, நோ. குடிச்சுட்டுக் கெடக்குற ஆளா, சிரிப்பாரு, நோ. ஒண்ணுக்கு மேல பொண்டாட்டியா, இருக்குறதே போதும், நோ. நோ நோ நோன்னு சாமி பொறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி மாதிரி ஒரே நடையில போச்சு, அந்த ஓட்டத்துல ஓட்டுக் கேள்வியும் நோன்னு போயிருச்சு, எனக்கு அது காதுல விழுந்துச்சான்னுகூடத் தெரியல, வடை வாசன வந்துக்கிட்டு இருந்துச்சு. கையெழுத்து மட்டும் என்னுது. அப்பறம் பரிட்சைக்குப் படிக்கணும்னு என் பொண்ணு புஸ்தகத்த வச்சுக்கிட்டு ஒக்காந்தா. சாருகேசின்னு ராகத்துப் பேரு வச்சேன் ஆசையா, வீட்டுல சாரு, பள்ளிக்கூடத்துல செர்ரிங்குறானுவ. சிட்டிசனுக்கு மட்டும் உள்ள பொறுப்பு ஒண்ணு சொல்லுப்பான்னு கேட்டா. தெரியல. ஓட்டுப் போடுறதுன்னு அவளே வாசிச்சா. அந்த வரியில நான் நின்னேன். சிட்டிசனுக்கு மட்டும். மட்டுமா, திரும்ப வாசின்னேன். வாசிச்சா. எந்திரிச்சுப் போயி தவுலு உறையில கூடு வைக்கிற பையத் தொழாவி அந்த அட்டைய எடுத்தாந்து அவ முன்னாடி போட்டேன், குங்குமம் இன்னும் ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. புள்ள மொகம் மாறுனத நான் இன்னும் பாத்துக்கிட்டே இருக்கேன், இப்பக்கூட, எதுக்க இருக்குற இந்த நீலச் சுவத்துல.

ஏன்னா அவளுக்கு ஏப்ரல் வந்தா பதினெட்டு. நாப்பத்தோரு நாளு இருக்கு. பதினெட்டு ஆகுறதுக்குள்ள நான் சிட்டிசன் ஆயிட்டா அவளும் தன்னால ஆயிருவா, தனியா பாரம் கெடையாது, பரிட்சை கெடையாது. பதினெட்டு ஆயிட்டா அவ தனியா வரிசையில நிக்கணும், அதுவும் என்னைய நாட்ட வுட்டு அனுப்பாம இருந்தா. நான் போனா தையலு வருவா, அவ மட்டும் இங்க இருந்து என்ன செய்வா. வர நவம்பர்ல ஓட்டுப் போடணும்னு அவளுக்கு ஒரு வெறி, பள்ளிக்கூடத்துல சாப்பாட்டு நேரத்துல ஒரு மேசையப் போட்டு ஒக்காந்து பதினெட்டு ஆனவங்க பேரெல்லாம் பதிய வைக்கிறா, ஒரு நாளைக்கி பதினேழு பேரு பதிஞ்சேன்னு வந்து சொன்னா, அதுல அவ பேரு இல்ல. லைசென்ஸ் ஆபீஸுல அவள இதே கேள்விய கேட்டப்போ, பதினாறு வயசு, இல்ல நான் இன்னும் சிட்டிசன் இல்லன்னு நிமிந்து சொன்னவ. அப்பன் பூ நகத்தப் பாத்துக்கிட்டு ப்ளீஸுன்னவன். இந்தக் கோபிநாத் சார் சிட்டிசன் ஆயி இருவது வருஷம், ஒரு தடவகூட ஓட்டுப் போட்டதில்லயாம், அன்னிக்கி மீட்டிங் இருக்குமாம். உரிமை உள்ளவன் மீட்டிங்குல இருக்கான், இல்லாதவன் விபூதி வச்சுக்கிட்டு வரிசையில நிக்கிறான். அவருகிட்ட அட்டைய காட்டுனதும் மூக்கால சொன்னாரு, வித்வான், பாரத்துல நோன்னு போயாச்சு, இப்ப எஸ்ஸுன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிரும், கோயில் பேரும் வரும், நோன்னே இருக்கட்டும், யாரும் தேட மாட்டான். முத்துக்குமாரசாமி அண்ணன் அதவிடச் சுருக்கம், வாய மூடுடாம்பாரு, முப்பது வருஷமா உனக்கு வராத வித்த அது ஒண்ணுதான், இன்னிக்காவது கத்துக்கம்பாரு. சாரு, லைப்ரரிக்கு இனாமா யோசன சொல்ற வக்கீல் வந்த ஒரு சனிக்கெழம போயி கேட்டுட்டு வந்தா, தப்புக்கு ஒரு வழி இருக்கும் பொய்க்கு வழியே கெடையாதுன்னாராம், ஆனா ஒண்ணும் உறுதி சொல்ல முடியாதுன்னும் சொன்னாராம், அந்த ரெண்டாவத அவ மெல்லத்தான் சொன்னா. தையலு என்ன சொன்னா. காலையில சட்டைய எடுத்துக் குடுத்துட்டு, சாருவ நெனச்சுக்குங்கன்னா. அவ்வளவுதான். சாருவ நெனச்சு சொல்லவா, சாருவ நெனச்சு மறைக்கவா. கேட்டுருக்கணும். கேட்டா அவளுக்கும் தெரியாதுன்னு தெரிஞ்சுரும், அதான் கேக்கல. ரெண்டு பேரும் இப்ப வெளிய கார்ல ஒக்காந்துருக்காங்க, பார்க்கிங்குல அழுக்குப் பனி குமிச்சுக் கெடக்கு, அதுக்குப் பக்கத்துல.

நோ. சொல்லிப் பாத்தேன், ஒதட்டுக்குள்ள. கோபிநாத் சார் குரல்ல நல்லா வருது, கண்ணு சிமிட்டாம, மூக்குல லேசா காத்து வுட்டு, நோ. கோயில் ஆண்டு விழாவுல இந்தக் குரலுக்குத்தான் கைதட்டு பிச்சுக்கிட்டுப் போகும், குருக்கள் குரலு, ஏர்போர்ட்டு ஆபீஸரு குரலு, செக்ரெட்டரி அவரு முன்னாடியே அவரு குரலு. சாரு சொல்லுவா, அப்பா உனக்குன்னு ஒரு குரலு இருக்கான்னு, ஒரு நாளு கோவமாவே கேட்டா, எதக் கேட்டாலும் வேற ஆளாப் பதில் சொல்ற. நான் அதுக்கும் அவ டீச்சர் குரல்லதான் பதில் சொன்னேன். இந்த நோவ கோபிநாத் சார் குரல்ல சொல்லிட்டா பொய் சொன்னது அவருதானே, நானில்லயே, சத்தியம் பண்ணது என் வலது கை, பேசுனது அவரு மூக்கு. நல்லாருக்குல்ல கணக்கு. தா தி தொம் நம். கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்குமோ. உள்ள கேள்வி கேக்கப் போற அம்மா ஏற்கனவே என் பேர அமுக்கிப் பாத்துட்டு, தெரிஞ்சே கேக்குமோ, மாமியா மாதிரி, சக்கர டப்பாவ எடுத்து வச்சுட்டு சக்கர எங்கன்னு. எஸ். எஸ்ஸுன்னா அடுத்து என்ன கேப்பா. சிட்டிசன்னு சொன்னியான்னு கேப்பா. அந்தக் கட்டம். பட்டுச்சா. பெயிண்டுக்காரன் வெளிய வந்துட்டான். அதுக்குள்ளயா. சிரிக்கிறான், கையில ஒரு காகிதம், யாரையாவது பாத்து சிரிக்கணும்னு சுத்திப் பாக்குறான், நான் கெடச்சேன், வாயெல்லாம் பல்லா எங்கிட்ட வந்து கையக் குடுத்தான், கை ஈரமா இருந்துச்சு, என்னுதும் ஈரம். எம் பொறாமையப் பாரு, கை குடுத்துக்கிட்டே இவன் என்னத்த மறைச்சானோன்னு நெனக்கிறேன். கானா அம்மா என் தொடையில ஒரு வெரல வச்சு அமுக்குனுச்சு. மகனே, தட்டுறது நல்லாருக்கு, ஆனா எனக்குப் படிக்கணும், கொஞ்சம் மெதுவாத் தட்டுன்னுச்சு. நிறுத்துன்னு சொல்லல பாரு. மெதுவான்னுச்சு. அப்பக் கதவு தெறந்து ஒரு அம்மா எட்டிப் பாத்து ஒரு பேர வாசிக்க ஆரம்பிச்சு பாதியில நிறுத்திட்டு சங்கடமா சிரிச்சுச்சு. என் பேருதான். பாதியில நிக்கிற பேரு எல்லாம் என் பேருதான்.

டெல்காடோன்னு மேசையில பலகை, அந்தம்மா பேரு. மூக்குக் கண்ணாடிக்கு மணிச் சங்கிலி, நகத்துல பூ இல்ல, வெட்டி வச்சுருந்துச்சு. ஒக்காரதுக்கு முன்னாடி வலது கையத் தூக்கச் சொன்னுச்சு. தூக்குனேன். காச்ச வெரலு அஞ்சும் தனித்தனியா நிக்கிது, சேராது, அது அப்படித்தான் ஆயிருச்சு. உண்மை மட்டும் சொல்றேன்னேன். ஒக்காந்தேன். பரிட்சை கேட்டா, கொடியில எத்தனை கோடு, முத ஜனாதிபதி யாரு, வாயி தன்னால சொல்லுது, நான் கூரையில ஒக்காந்து என்னையே பாக்குறேன். நாலாவதோ அஞ்சாவதோ, சிட்டிசனுக்கு மட்டும் உள்ள பொறுப்பு ஒண்ணு சொல்லுங்கன்னா. நூத்துல அதையா எடுப்ப. ஓட்டுன்னேன். கரெக்டுன்னு டிக்கு போட்டா. அப்பறம் பாரத்தப் பொரட்டுனா. கொல, நோ. தீவிரவாதம், நோ. அதே மல்லாரி, அதே நடை, கோபிநாத் சார் மூக்கு ரெடியா என் மூக்குக்குள்ள ஏறி ஒக்காந்துருக்கு. ஓட்டுக்குப் பேரு பதிஞ்சுருக்கீங்களா. இப்ப. நோ வரணும். வாயத் தெறந்தேன். கோபிநாத் சாரக் காணும். குருக்களக் காணும், ஏர்போர்ட்டு ஆபீஸரக் காணும், எல்லாரும் தாலி கட்டுற நேரத்துல சாப்பாட்டுப் பந்திக்கு ஓடிட்டானுவ. கண்ணுக்கு முன்னால சாப்பாட்டு நேரத்து மேசையில ஒக்காந்து அடுத்தவன் பேர எழுதிக்கிட்டு இருக்குற ஒரு புள்ளதான் இருக்கு, சிட்டிசனான்னு முதல்ல கேட்டுட்டு எழுதுற புள்ள.

"எஸ்"னேன்.

பேனா நின்னுச்சு. சட்டைப் பையிலேர்ந்து அட்டைய எடுத்து மேசையில வச்சேன், குங்குமம் பட்ட ஓரம் அவ பக்கம் இருந்துச்சு, திருப்பி வச்சேன். என் இங்கிலீஷு நொண்டிக்கிட்டே போச்சு. மை இண்டியா, திஸ் கார்டு, ஹவுஸ் அட்ரஸ் ப்ரூஃப், ஐ திங்க் சேம். ஓட்டுப் போட்டீங்களான்னு கேட்டா. நோன்னேன், அது என் நோ, நல்லாத்தான் வந்துச்சு. போகவே இல்லயான்னா. போனேன், வரிசையில நின்னேன்னேன். நின்னுட்டு ஏன் போடலன்னா. கெட்டிமேளத்த எப்படி இங்கிலீஷுல சொல்றது. வெட்டிங் ட்ரம்னேன், சிக்ஸ்டி இயர் வெட்டிங், ஹஸ்பெண்டு, வைஃபு, சேம் வைஃபு, அகெயின். கண்ணாடிக்கு மேல பாத்தா, அதே பொண்டாட்டியேவான்னு கேட்டா, ஆமாம்னேன், ஒரு செகண்டு ஒதடு சிரிக்கப் பாத்துச்சு, வுடல, எழுதிக்கிட்டா. அப்பறம் கேட்டா அத. பதிஞ்சப்போ சிட்டிசன்னு சொன்னீங்களா. இல்லன்னு சொல்லிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்தாச்சு, சும்மா ஒரு இல்ல. "தெரியல மேடம், கட்டம் இருந்துச்சு, கையெழுத்து போட்டேன், மத்தது ஞாபகம் இல்ல"ன்னேன். அதையும் எழுதுனா. அட்டைய எடுத்துக்கிட்டு வெளிய போனா. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியாது, சுவத்துல கடிகாரம் இருந்துச்சு, நான் பாக்கல, மேசையத் தட்டல, கை ரெண்டும் தவுலுக்கு உறை போட்ட மாதிரி மடியில கெடந்துச்சு. திரும்பி வந்தா. பரிட்சையில பாஸு, ஆனா முடிவு இப்ப சொல்ல மாட்டேன், நீங்க பதிஞ்ச அந்தக் காகிதத்தோட நகலு கவுண்டி ஆபீஸுல, நம்மூரு ஜில்லா ஆபீஸு மாதிரி, அங்க இருக்கும், அது வேணும், ஓட்டே போட்டதில்லன்னு ஒரு கடுதாசி வேணும், பேர எடுத்தாச்சுன்னு ஒரு கடுதாசி வேணும், முப்பது நாளைக்குள்ளன்னு ஒரு தாளக் குடுத்தா. எந்திரிச்சப்ப, நீங்களா சொன்னதையும் எழுதிருக்கேன்னு குனிஞ்சுக்கிட்டே சொன்னா. அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கல. கானா அம்மா தொப்பிய சரி பண்ணிக்கிட்டு உள்ள போகுது, மெதுவாத் தட்டுன்னு நான் சொன்னேன், அதுக்கு என்னத்த வெளங்குச்சோ, தலைய ஆட்டுனுச்சு.

முப்பது நாளு இந்தத் தாளுக்கு. நாப்பத்தொண்ணு சாருவுக்கு. அந்தக் காகிதத்துல அந்தக் கட்டம் காலியா இருக்கலாம். டிக்கோட இருக்கலாம். நாலு வருஷமா எங்கயோ ஒரு அலமாரியில அது ஒக்காந்துருக்கு, எனக்கு ஞாபகம் இல்லாதது அதுக்கு இருக்கு. பனிக்குமியல சுத்தி வந்தேன், தையலு கண்ணாடியயே எறக்கல, உள்ளேர்ந்து என் மொகத்தப் படிக்கிறா, ஸ்டீரிங்குல சாரு. பின் ஸீட்டுல ஏறி அந்தத் தாள முன்னால நீட்டுனேன். தையலு அத வாங்கித் தலகீழா வச்சுக்கிட்டுப் பாத்தா. சாரு திரும்புனா.

"என்னப்பா சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன் பாப்பா."

"யாரு குரல்ல?"

"என் குரல்லதான்"னேன். "நல்லாவே இல்ல."

 சாரு அம்மா கையிலேர்ந்து தாள வாங்கி நேரா திருப்பி வாசிச்சா, போன எடுத்து கவுண்டி ஆபீஸு எத்தன மணி வரைக்கும்னு பாத்தா, நாலு மணின்னா, பெல்ட்டு போடுப்பான்னா. வண்டி நகந்துச்சு. முன் ஸீட்டு முதுகுல என் வெரலு தட்ட ஆரம்பிச்சுருச்சு, தையலு திரும்பிப் பாத்தா, நிறுத்தச் சொல்லல.